பாடம் செய்த இலை

எங்கள் வளவின் வடமேற்கு மூலையில், கிணற்றடிக்கு அப்பால், அப்புவின் குடில் நின்றது. மண்சுவர், பனையோலைக் கூரை, குனிந்து நுழையவேண்டிய ஒரே ஒரு வாயில், அதை அடைக்க ஓர் ஓலைத்தட்டி. யன்னல் என்று ஒன்றும் இல்லை. ஆறேழு பேர் நெருங்கி நின்றால் நிரம்பிவிடும் அந்த இருட்டறை வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் மட்டுமே உயிர்பெறும். மற்றைய மாதங்களில் மண்வெட்டிகளும், தண்ணீரிறைக்கும் இயந்திரம் வந்த பின்னர் பயனற்றுப்போன துலாக்கயிறும் அதற்குள்ளே கிடக்கும்.

பங்குனியில் புகையிலை வெட்டு. வெட்டிய இலை வாடவேண்டும். வாடியபின் நிழலிலே தொங்கிப் பழுக்கவேண்டும். செடியிலிருந்து பிரிந்த பின்னும் இலை சில நாட்களுக்கு உயிரோடிருக்கிறது என்பதைத் தாவரவியல் படித்தபோதுதான் நான் அறிந்தேன். அப்பு அதைத் தம் விரல்களால் அறிந்திருந்தார். விரைந்து காய்ந்தால் இலை பச்சையாகவே செத்துப்போகும். பிறகு எந்த வித்தையாலும் அதற்கு நிறமோ மணமோ ஏற்றமுடியாது. ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சணம் பிடித்து அழுகும். இவ்விரண்டுக்கும் நடுவே, அதை மெல்ல மெல்லச் சாகவிடவேண்டும். அந்த மெதுவான சாவின்போதுதான் இலையிலுள்ள மாப்பொருள் வெல்லமாகிறது, பச்சையம் சிதைகிறது, மஞ்சள் மேலெழுகிறது. அதன்பின் குடிலுக்குள்ளே கம்புகளில் வரிசையாகத் தூக்கி, நிலத்திலே தென்னம் பொச்சுமட்டையைப் புகையவிடுவார்கள். தீ எரியக்கூடாது, அணையவும் கூடாது. புகையூட்டிய இலையை இறக்கி அடுக்கி, சாக்கால் மூடி வியர்க்கவிட்டு, மீண்டும் புகையூட்டுவார்கள்.

அப்பு வெப்பமானியைக் கண்டவரல்லர். இரவில் இரண்டு தடவை எழுந்து சென்று குடிலின் சுவரிலே வெளிப்புறமாகக் கையை வைத்துப் பார்ப்பார். தட்டியை ஒரு விரற்கடை நீக்கி மூக்கை வைப்பார். காரம் தணிந்து, வெல்லப்பாகு போன்ற ஒரு வாசனை எழும் தருணம் ஒன்றுண்டு. அதற்காகவே அவர் விழித்திருந்தார். ஒரு மனிதன் தன் தொழிலில் முழுமை பெற்றிருப்பதை நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கண்டது அந்தத் தட்டியின் முன்னேதான். பின்னர் எத்தனையோ பேராசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அத்துணை கவனம் அவர்களிற் சிலரிடமே இருந்தது.

அந்த இலைதான் என்னைப் படிப்பித்தது. 1945 முதல் இந்நாட்டிலே கல்வி இலவசம் என்பது உண்மையே. பஸ் காசும் விடுதிச் சாப்பாடும் சப்பாத்தும் இலவசமல்ல. ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் அப்பு ஒரு சிப்பத்தை விற்றுக் காசை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துத் தருவார். அந்த நோட்டுகளிலும் புகைவாசனை இருக்கும்.

இவற்றையெல்லாம் இப்பொழுது ஏன் எழுதுகிறேன் என்றால், கடந்த வைகாசி 31 ஆம் திகதி, உலகப் புகையிலை எதிர்ப்புத் தினத்தன்று, 9 ஆம் தர வகுப்பிலே சுகாதாரப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஒரு மாணவன் எழுந்து நின்று கேட்டான்: “சேர், அப்பிடியெண்டால் என்ரை ஐயா செய்யிறது பாவமோ?”

அவனுடைய தந்தை புகையிலைத் தோட்டக்காரர். வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை, விடையும் சொல்லவில்லை. மணியடித்ததை ஒரு சாட்டாகக் கொண்டு வெளியேறினேன். ஆசிரியத் தொழிலிலே மணியடித்தல் எத்தனையோ மெய்யியற் சிக்கல்களைத் தீர்த்து வைத்திருக்கிறது!

நம்மவர்கள் இக்கேள்விக்கு உடனே கூறக்கூடிய விடைகளை எண்ணிப் பார்த்தேன். முதலாவது, உழைப்பே புனிதமானது, உழைப்பவன் கையிலே கறை இல்லை என்பது. மேதினக் கூட்டங்களிலே இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம், நானும் பேசியிருக்கிறேன். ஆயின் இது மார்க்ஸ் கூறியதன்று. பண்டம் என்பது மனிதத் தேவை ஒன்றை நிறைவு செய்வது, அத்தேவை வயிற்றிலிருந்து பிறந்தாலென்ன, கற்பனையிலிருந்து பிறந்தாலென்ன, ஆராய்ச்சிக்கு வேறுபாடில்லை என்றே ‘மூலதனம்’ தொடங்குகிறது. பொருளியலாளன் தன் ஆய்வுக்காக ஒருபுறம் ஒதுக்கி வைத்த கேள்வி அது. ஒதுக்கிவைத்த கேள்வியைத் தீர்த்துவைத்த கேள்வியாக எடுத்துக்கொள்வது நம்முடைய சோம்பல். (மார்க்ஸ் பெருஞ் சுருட்டுப் பிரியர். ‘மூலதனம்’ எழுதுகையிற் புகைத்த சுருட்டுகளின் விலையைக்கூட அந்நூல் ஈட்டித் தராது என்று அவர் வேடிக்கையாகக் கூறியதை மருமகன் லஃபார்க் பதிவு செய்திருக்கிறார். அச்சுருட்டுகள் அவருக்குச் செய்த கேட்டைக் கணக்கிட அன்றைய மருத்துவத்துக்குத் தெரியாது.) வில்லியம் மொரிஸ் 1884 இல் ஆற்றிய ஓர் உரையிலே பயனுள்ள உழைப்பையும் பயனற்ற பாடுபடுதலையும் வேறு பிரித்தார். உழைப்பு என்ற காரணத்தினாலேயே அதை வாழ்த்திவிடும் வழக்கத்தை, வசதியுள்ளவர்களுக்கு உகந்த ஒரு போதனையாகவே அவர் கண்டார். அந்த அளவுகோலை அப்புவின் குடிலுக்குள்ளே கொண்டுசெல்ல என் கை கூசுகிறது. ஆனாலும் அது சரியான அளவுகோலே.

இரண்டாவது விடை, பாவம் என்பது. இதைச் சொன்னவர்களுள் பெரியவர் டால்ஸ்டாய். மனிதர் ஏன் தம்மை மயக்கிக்கொள்கின்றனர் என்று 1890 இல் எழுதிய கட்டுரையிலே, மதுவையும் புகையிலையையும் ஒரே வரிசையில் வைத்து, மனச்சாட்சியின் குரலை அடக்குவதற்காகவே மக்கள் இவற்றை நாடுகின்றனர் என்றார். தம் பண்ணை வீட்டிலே விருந்தினரோடு அமர்ந்து பார்த்தவருக்கு அது உண்மையாக இருந்திருக்கலாம். விடியுமுன் துலா மிதிக்க ஏறியவன் வாயில் ஒரு துண்டு புகையிலையை அடக்கிக்கொண்டது மனச்சாட்சியை அடக்கவா? நிக்கொட்டீன் பசியை மழுங்கச் செய்யும். பத்து மணிக் கஞ்சி வரும்வரை வயிற்றின் குரலை அடக்குவதற்கு அவனுக்குக் கிடைத்தது அதுவே. பசியை அறியாதவன் எழுதிய அறநூல்களிலே இத்தகைய பிழைகள் எப்பொழுதும் இருக்கும். (நம் புலவர்களோ வேறொரு கரையில் நின்றார்கள். புகையிலையைப் பழனி முருகனிடம் தூதனுப்பியே பிரபந்தம் பாடினார் சீனிச்சர்க்கரைப் புலவர்.)

மூன்றாவது விடையே நமக்கு மிக வசதியானது: குற்றவாளி கொம்பனி. அது பொய்யுமன்று. 1950 இல் பிரித்தானியாவிலே டொல்லும் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியபின், 1954 இல் அமெரிக்கக் கொம்பனிகள் ஒன்றுகூடிப் பத்திரிகைகளிலே விளம்பரம் செய்து மக்களுக்கு உறுதிமொழி கொடுத்தன. அரை நூற்றாண்டு கழித்து, 2006 இல், அந்நாட்டு நீதிமன்றமொன்று அவை திட்டமிட்டு மக்களை ஏமாற்றின என்று தீர்த்தது. எல்லாம் சரியே. ஆனால் அப்புவின் குடிலிலே கொம்பனி இருக்கவில்லை. விதை அவருடையது, எரு எங்கள் மாட்டுடையது, தறையிலே தாழ்த்திய குழை எங்கள் வேலிப் பூவரசினுடையது, புகை எங்கள் தென்னையினுடையது. சுரண்டுபவன் எவனும் கைவைக்காத அந்த இலையை வெற்றிலையோடு மென்ற எங்கள் ஆச்சியின் கன்னத்தின் உட்புறத்திலே முதலில் ஒரு வெள்ளைத் தழும்பு தோன்றியது. பின்னர் அது புண்ணாயிற்று. நான் பல்கலைக்கழகம் புகுந்த ஆண்டிலே அவர் இறந்தார்.

குடிலில் இறக்கும் இலையுள் மிகச் சிறந்ததை, நரம்பு மெல்லியதாய், நிறம் ஒத்ததாய், மணம் கனிந்ததாய் உள்ளதை, அப்பு ஆச்சிக்கென்று தனியே எடுத்து வைப்பார். வியாபாரி எவ்வளவு கேட்டாலும் அது கிடையாது. அவ்விருவரும் ஒருவரோடொருவர் அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்த இலைதான் அவர்களுடைய பேச்சு.

நேர்மையாகச் சொல்வதானால், அந்த இலைதான் ஆச்சியைக் கொன்றது என்று நான் கூறமுடியாது. பாக்கு, தனித்து நின்றே, புற்றுநோய் விளைப்பது எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் அறிவித்தது. பழியை எப்படிப் பங்கிடுவதென்று எந்த வைத்தியனாலும் சொல்ல இயலாது. ஆயினும் பின்னாளிலே நான் படித்த ஒரு செய்தி என்னை அமைதியாக இருக்கவிடவில்லை.

புகையிலையிலே மிகக் கொடிய புற்றுநோய்க் காரணிகள் நைத்திரோசமீன் எனப்படும் ஒருவகைச் சேர்வைகள். தோட்டத்தில் நிற்கும் பச்சையிலையில் இவை மிகச் சொற்பம். இவற்றின் பெரும்பகுதி உண்டாவது இலையைப் பாடம் செய்யும்போதே. வியர்க்கும் இலையிலே பற்றீரியங்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது நிக்கொட்டீன் முதலியவற்றோடு கூடுகிறது. புகையூட்டும் முறையிலே புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளும் சேர்ந்துகொள்கின்றன. புகைக்கரியின் நஞ்சு வேறு. நன்றாக எருவிட்ட தறையின் இலையிலே நைத்திரேற்றும் மிகுதி. அதாவது, அப்பு இலையிலே மணத்தை ஏற்றிக்கொண்டிருந்த அதே இரவுகளில், அதே வெப்பத்தில், அதே கைபட்ட சுவருக்குள்ளே நஞ்சும் ஏறிக்கொண்டிருந்தது. இயற்கை தந்த நஞ்சை உழைப்பாளி வெறுமனே சுமந்து சென்றான் என்று நாம் சொல்லித் தப்பமுடியாது. நஞ்சின் ஒரு பங்கு அவன் திறமையின் விளைபொருள்.

இதை அறிந்தவர்கள் வழிமுறையை மாற்றியும் இருக்கிறார்கள். சுவீடனிலே மூக்குப்பொடி போன்ற ஒருவகை வாய்ப்புகையிலையைப் புளிக்கவிடாது வெப்பமூட்டியே பக்குவப்படுத்துகின்றனர். அமெரிக்காவிலே 2000 ஆம் ஆண்டையொட்டி, எரிவாயுப் புகை இலையிற் படாதவாறு உலர்த்தும் கொட்டகைகளின் அடுப்புகளை மாற்றினார்கள். நைத்திரோசமீன் குறைந்தது. நிக்கொட்டீனும் அடிமைத்தனமும் குறையவில்லை.

கனடாவிலே குடியேறிய என் மைத்துனர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு படம் அனுப்பியிருந்தார். வீட்டுப் பின்வளவில் பத்துச் செடி நட்டு, வெட்டிக் காயவைத்து, பழுதடைந்த குளிர்சாதனப் பெட்டி ஒன்றையே சிறு குடிலாக மாற்றியிருக்கிறார். உள்ளே வெப்பத்துக்கு ஒரு மின்குமிழ். ஈரத்துக்கு ஒரு பானைத் தண்ணீர். வெப்பத்தைக் கட்டுப்படுத்த ஒரு சிறு கருவி. ஏறக்குறைய 50 பாகை செல்சியசு, நூற்றுக்கு எழுபது ஈரப்பதன், ஒரு மாதத்துக்கு மேல். முதல் வாரங்களிலே அமோனியா மூக்கை எரிக்கும், பின்னர் ஒருநாள் கதவைத் திறந்தால் வெல்லப்பாகு வாசனை என்று எழுதியிருந்தார். “அப்புவின்ரை குடில் மணக்குது” என்று இரண்டு தடவை எழுதியிருந்தார். குளிரூட்டுவதற்கென்று செய்த பெட்டி வெப்பத்தைக் காக்கப் பயன்படுவதை எண்ணி எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் கண்ணும் கலங்கியது.

அவர் யாருக்கும் விற்பதில்லை. கொம்பனிக்கும் ஒரு சதம் போவதில்லை. தன் நிலம், தன் இலை, தன் நுரையீரல் என்பது அவர் வாதம். சுதந்திரம் பற்றிய எல்லா நூல்களும் அவர் பக்கமே பேசும். எனினும் இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஒன்று தெளிவாகிறது. அப்புவுக்கு அறிவு இருக்கவில்லை. வேறு வழியும் அதிகம் இருக்கவில்லை. மைத்துனருக்கு இரண்டும் உண்டு. இழந்த ஊரின் வாசனையை அவர் பெட்டிக்குள்ளே தேடுகிறார். அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பின் திரும்பி வந்தபோது குடில் இருந்த இடத்திலே சுவரின் அடிக்கட்டு மாத்திரம் கிடந்ததை நான் கண்டவன். ஆனால் அந்த வாசனைக்குள்ளே அவருடைய பேரப்பிள்ளைகளும் வளர்கிறார்கள்.

என் மாணவனின் தந்தையோ இவ்விருவருக்கும் நடுவிலே நிற்கிறார். அவர் அறிவார். வழிதான் இல்லை. அறிவிருந்தும் வழியில்லாதவன்மீது ஏற்றும் அறப்பாரம் எவ்வளவு? வழியை அடைத்து வைத்திருப்பவர்மீது ஏற்றவேண்டியது எவ்வளவு?

ஆனி மாதத்தில் ஒரு மாலை அவன் வீட்டுக்குச் சென்றேன். “வாங்கோ மாஸ்ரர், இருங்கோ” என்று கதிரையைத் துடைத்து வைத்தார் தந்தை. மகன் கேட்ட கேள்வி அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப்பற்றிப் பேசாமல் என்னைக் குடிலுக்கு அழைத்துச் சென்றார். சீமெந்துக்கல் சுவர், தகரக் கூரை. வாசனை மட்டும் அதே வாசனை. இலை பாடமாகி அடுக்கப்பட்டிருந்தது. விற்கவில்லையா என்று கேட்டேன்.

“விலை காணாது மாஸ்ரர். இது கிடக்கட்டும். போன வருசம் வெங்காயம் வைச்சனான். கிண்டின கிழமையே விலை விழுந்து போச்சு. வைச்சிருந்தால் அழுகும், அள்ளிக் குடுத்தன். இது ஒரு வருசம் கிடந்தாலும் என்னைக் கைவிடாது.”

எத்தனையோ நூல்களிலே தேடியும் நான் காணாத விடை அதற்குள் இருந்தது. பாடம் செய்தல் என்பது இலைக்கு மணமூட்டும் கலை மாத்திரமன்று. ஏழைக் கமக்காரனுக்குக் காத்திருக்கும் வலிமையைத் தரும் கலை. தக்காளிக்காரனும் வெங்காயக்காரனும் வியாபாரி சொன்ன விலைக்கு அன்றே தலையசைக்கவேண்டும். புகையிலைக்காரன் குடிலைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஒல்லாந்தர் காலத்திலே திருவிதாங்கூருக்கு இலை ஏற்றிய நாள் தொட்டு நம் தோட்டக்காரன் இந்த இலையை விடாது பற்றியிருப்பதற்கு மண்ணும் தண்ணீரும் மாத்திரம் காரணமல்ல. மலையாளச் சந்தை சரிந்தபோது அவன் கூட்டுறவுச் சங்கத்தைத் தேடிச் சென்றதும் இதே காத்திருக்கும் வலிமையை மீட்பதற்காகத்தானே.

ஆகவே, மாற்றுப் பயிர் செய் என்று அவனிடம் சொல்வது அரைவாசிப் பேச்சு. மாற்றுக் குடில் எங்கே? விளைச்சலை அழுகாமல் வைத்திருக்கும் களஞ்சியம், விலை விழும் கிழமையில் வாங்கும் கூட்டுறவு, அறுவடைக்கு முன் கடன் என்பவை எங்கே? புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் சமவாயத்தை இலங்கை 2003 இலேயே ஏற்றது. அதன் 17 ஆம் உறுப்புரை, புகையிலை பயிரிடுவோருக்குப் பிழைக்கத்தக்க மாற்று வழிகளுக்கு ஆதரவளிக்குமாறு கூறுகிறது. 2020 க்குள் புகையிலைச் செய்கையையே நிறுத்துவதாகவும் பின்னர் ஓர் அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டும் வந்து போயிற்று. சிகரெட்டின்மீது விதித்த வரியோ திறைசேரிக்கு ஒழுங்காகவே வந்துசேர்ந்தது.

நானும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவனல்லன். இலையின் காசிலே படித்து, இலையினின்று தப்பி, மாத வேதனம் பெற்று, இலை நஞ்சு என்று பிள்ளைகளுக்குப் போதிப்பவன் நான். தோட்டக்காரனைவிட எனக்கே இதிலே கடன் அதிகம். தோட்டத்திலிருந்து படித்து வெளியேறிய எங்களில் எத்தனைபேர் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போகிறோம்?

அங்கே குடில் வாயிலில் அந்த மாணவனும் நின்றான். அவன் கேள்வி பொதுவிடத்தில் கேட்கப்பட்டது. நான் விடையை அவன் தந்தையின் முன்னிலையிலேயே சொன்னேன். “உன்ரை ஐயா பாவியில்லை. அவற்றை கையிலை இருக்கிற வித்தை சின்ன வித்தையுமில்லை. ஆனால் இந்த இலை நஞ்சுதான். வகுப்பிலை சொன்னதிலை ஒரு சொல்லையும் நான் மாத்தமாட்டன்.” அவன் தந்தையைப் பார்த்தான். அவர் அடுக்கின் மேலிருந்த சாக்கைச் சரிசெய்துகொண்டே, “மாஸ்ரர் சொல்லுறது சரிதான்” என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புறப்படும்போது அடுக்கின் நடுவிலிருந்து நாலைந்து இலைகளை உருவி, பனைநாரால் கட்டி என் கையிலே தந்தார். வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. நரம்பு மெல்லிய, நிறம் ஒத்த இலைகள்; நல்ல இலை எதுவென்று எனக்குத் தெரியும். மறுக்க வாய் வரவில்லை. அலுமாரியின் மேல்தட்டிலே அது கிடக்கிறது. அறைக்குள் நுழையும்போதெல்லாம் வாசனை வருகிறது. எடுத்து எறிந்துவிடுங்கள் என்று மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.